திரையிலே திசைச்சொல்: ஒரு பாமர இரசிகனின் மதிப்பீடு

சங்க இலக்கிய ஆராய்ச்சியும் சைவசித்தாந்த விளக்கமும் இடம்பெறும் இம்மலரிலே திரைப்படத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் துணிந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். யான் திரைக்கலை பயின்றவன் அல்லன். பகலிலே பாடஞ் சொல்லிக்கொடுத்து, இரவிலே விளக்கின்முன் இருந்து படித்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்ற ஒரு தமிழாசிரியன். மட்டக்குளியிலிருந்து பஸ் ஏறிச் சென்று மாதம் ஒரு படமேனும் பார்ப்பவன். பார்த்த படத்தைப் பற்றி வழிநெடுகப் பேசிக்கொண்டு வருபவன். அவ்வளவே என் தகுதி. ஒளிப்பதிவின் நுட்பமும் படத்தொகுப்பின் சிறப்பும் யான் அறியேன். எனினும், தமிழ் கேட்கும் செவி ஒன்று எனக்குண்டு. அச்செவிக்கு அண்மையிற் புலப்பட்ட சிலவற்றையே ஈண்டுக் கூறப்புகுகின்றேன்.

நம் மாணாக்கருள் நூற்றுக்கு எத்தனைபேர் கலித்தொகை படிக்கின்றனர் என்று கேட்டால் நாம் தலைகுனிய வேண்டியிருக்கும். ஆனால் வெளியாகும் தமிழ்ப்படத்தை முதல்வாரத்திலேயே பாராத மாணாக்கர் மிகச் சிலரே. அவர்கள் நாவிலே புரளும் தமிழ் எங்கிருந்து வருகின்றது என்று ஆராய்வோமாயின், வகுப்பறையிலிருந்து வருவதிலும் திரையிலிருந்து வருவதே மிகுதி என்பது தெளிவாகும். ஆதலின் திரைப்படத்தைப் புறக்கணித்துவிட்டுத் தமிழாசிரியன் தன் தொழிலைச் செய்தல் இயலாது. படம் நன்று, தீது என்று கூறுவதற்கு முன் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ளல் வேண்டும். இப்படம் யாரைப் பேசவைக்கின்றது? பேசுவோரை அவரவர் தமிழிலே பேசவிடுகின்றதா? இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு, அண்மையில் யான் பார்த்த மூன்று படங்களை மதிப்பிட விரும்புகின்றேன். அவை, 2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘மெய்யழகன்’, 2025ஆம் ஆண்டு வெளிவந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, ‘கூலி’ என்பன.

இவ்வளவுகோல் யான் புதிதாக ஆக்கியதன்று. தொல்காப்பியனார் எச்சவியலிலே செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுக்கின்றார். அவற்றுள் ஒன்று திசைச்சொல். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தார் தத்தமக்குரிய பொருளில் வழங்கும் சொற்கள் அவை. குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர், பூழிநாட்டார் நாயை ‘ஞமலி’ என்பர் என உரையாசிரியர்கள் காட்டுவர். அச்சொற்களைப் பிழையென்று அவர் விலக்கவில்லை; செய்யுளுள் அமர்வதற்கு உரிமையுடையன என்று இடமளித்தார். இஃது ஒரு நோக்கு.

மற்றொரு நோக்கும் நம் மரபில் உண்டு. மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த இளம்பூரணர், செயிற்றியம் என்னும் பழைய நாடகநூற் பகுதியொன்றை எடுத்துக்காட்டுகின்றார். நகை தோன்றும் இடங்கள் எவையென அப்பகுதி ஒரு நீண்ட பட்டியல் தருகின்றது. ஆரியர் பேசும் தமிழ் அப்பட்டியலில் ஓரிடம். குழவியின் மழலை இன்னோரிடம். பெருங்கவலை கொண்டு பேசுவோர் பேச்சும், சுற்றத்தாரை இகழ்தலும் அதிலே இடம்பெறுகின்றன. நாடகமேடையிலே எதைக் காட்டினால் மக்கள் சிரிப்பர் என்பதை அந்நூலார் நன்கறிந்திருந்தனர். இன்றைய திரைப்படம் அந்நாடகத்தின் வழித்தோன்றல். பிறன் பேச்சைக் கேட்டவுடன் சிரிப்பதா, அதற்கு இடமளிப்பதா என்ற இருவழியும் அதன் முன்னே இருக்கின்றன.

முதலிற் ‘கூலி’யைக் காண்போம். இரஜினிகாந்த் அவர்கள் ‘அபூர்வ ராகங்கள்’ வாயிலாகத் திரைக்கு வந்தது 1975 ஆகத்து மாதத்தில். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஆகத்து 14ஆம் திகதி, லோகேஷ் கனகராஜ் இயக்கத்தில் இப்படம் வெளிவந்தது. ஐம்பதாண்டுக் காலம் ஒரு நடிகர் மக்கள் உள்ளத்தில் முதலிடம் பெற்றிருப்பது எளிய செயலன்று. அவர் திரையிலே தோன்றியபோது முதியவர் ஒருவர் இருக்கையைவிட்டு எழுந்து கைகூப்பியதை யான் கண்டேன். அந்த அன்பை யான் எள்ளேன்.

ஆயினும் படத்தின் பெயர் எனக்கு வேறோர் எதிர்பார்ப்பை ஊட்டியிருந்தது. எங்கள் மட்டக்குளியும் அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும் துறைமுகத்தை அண்டி வளர்ந்த பகுதிகள். புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரை ‘நாட்டாமி’ என்று அழைப்பது கொழும்பு வழக்கு. தமிழ்நாட்டிலே ‘நாட்டாமை’ என்றால் ஊர்த்தலைவர். 1994ஆம் ஆண்டு அப்பெயரிலேயே ஒரு படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அங்கே தீர்ப்புரைப்பவரைக் குறிக்கும் சொல் இங்கே தோளிற் சுமப்பவரைக் குறிக்கின்றது. திசைச்சொல்லின் இயல்புக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யான் வகுப்பிற் காட்டியதில்லை.

‘கூலி’ விசாகப்பட்டினத் துறைமுகத்தைக் களமாகக் கொண்டது. தலைவனாகிய தேவாவும் முன்னாட் கூலித்தொழிலாளியே. ஆதலின் துறைமுகத் தொழிலாளர் பேசுவர், அவர்தம் வேலையின் சொற்கள் காதில் விழும் என்று யான் எண்ணியிருந்தேன். என் எண்ணம் நிறைவேறவில்லை. தொழிலாளர் கூட்டமாக நிற்கின்றனர், அஞ்சுகின்றனர், அடிபடுகின்றனர், தலைவனைக் கண்டு ஆரவாரிக்கின்றனர். அவருள் ஒருவரேனும் தம் தொழிலைப்பற்றிப் பத்து வாக்கியம் தொடர்ந்து பேசியதாக என் நினைவில் இல்லை. தெலுங்கு வழங்கும் துறைமுகத்திலே அனைவரும் ஒரே வார்ப்பான தமிழ் பேசுவதைத் திரைமரபு என்று விட்டுவிடலாம். ஒருவரும் பேசாமையை அவ்வாறு விட்டுவிட இயலவில்லை. பெயரைத் தொழிலாளருக்குக் கொடுத்துவிட்டுப் பேச்சை முழுவதும் தலைவனுக்கே கொடுத்துவிட்ட படம் இது. பார்த்தபொழுது கைதட்டினேன், வீடுவந்து சேர்ந்தபின் ஒரு வசனமும் உடன் வரவில்லை.

இதற்கு நேர்மாறானது ‘மெய்யழகன்’. பிரேம்குமார் இயக்கியது; அரவிந்த்சாமியும் கார்த்தியும் நடித்தது. 1996ஆம் ஆண்டு பூர்வீக வீட்டை இழந்து தஞ்சையைவிட்டு அகன்ற அருள்மொழி, பல்லாண்டு கழித்து உறவுப்பெண் ஒருத்தியின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வருகின்றான். அங்கே ஓர் இளைஞன் “அத்தான், அத்தான்” என்று அவனை ஒட்டிக்கொள்கின்றான். அவன் யார், அவன் பெயர் என்ன என்பது அருளுக்கு நினைவில்லை, கேட்கவும் நாணம். ஓர் இரவு முழுவதும் இருவரும் பேசுகின்றனர். அன்பைக் கொட்டுபவனுடைய பெயரை அறியாமலே அவ்வன்பை ஏற்கும் குற்றவுணர்வு தாளாமல், விடியுமுன் அருள் எழுந்து போய்விடுகின்றான். கதை இவ்வளவே. சண்டையில்லை, பகைவன் இல்லை.

‘அத்தான்’ என்னும் ஒரு சொல்லே இப்படத்தின் உயிர். சென்னை நகரத்திலே பெயராலும் பதவியாலும் அழைக்கப்பட்டு வந்த ஒருவன், அச்சொல்லைக் கேட்கக் கேட்க இழந்த உறவை மீளப் பெறுகின்றான். உறவுமுறைச் சொல் மனிதனைக் கட்டும் கயிறு என்பதைக் காட்ட இத்துணை எளிய வழியை வேறெந்தப் படமும் அண்மையிற் கைக்கொண்டதாக யான் அறியேன். அவ்விளைஞன் தஞ்சைக் கிராமத்தானாகவே பேசுகின்றான். அப்பேச்சு நகைப்பூட்டுகின்றது, ஆனால் அவன்மீது நமக்கு எள்ளல் பிறப்பதில்லை. தொல்காப்பியனார் நகைக்கு நிலைக்களனாகக் கூறும் நான்கனுள் எள்ளல் ஒன்று, பேதைமை ஒன்று. இங்கே எழுவது பேதைமையின்பாற் பட்ட நகை. அன்பு மிகுந்தோனிடத்துக் காணப்படும் கள்ளமின்மை.

இப்படத்திற்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லவேண்டும். வெளியான சில நாட்களுக்குள், படம் நீளமானது என்ற குரல் எழ, ஏறக்குறைய பதினெட்டு நிமிடங்கள் வெட்டப்பட்டன. இருவர் இருந்து பேசும் பேச்சு இரசிகருக்கு அலுப்பூட்டும் என்ற அச்சமே அவ்வெட்டுக்கு அடிப்படை என்று கருதுகின்றேன். துப்பாக்கி முழங்கும் படங்களும் மூன்றுமணி நேரம் ஓடுகின்றனவே; அவற்றின் முழக்கத்திற்கு இத்தகைய தண்டனை எளிதில் விதிக்கப்படுவதில்லை. பேச்சுக்கே கத்தரிக்கோல் விரைந்து வருகின்றது. இடையிடையே அவ்விளைஞன் ஆசிரியரின் கருத்துகளைச் சொற்பொழிவாக ஒப்புவிக்கின்றான் என்ற குறையும் உண்மையே. ஆயினும் உறவினர் இருவர் ஆற அமரப் பேசுவதை இரண்டரை மணிநேரம் கேட்கலாம் என்று நம்பிய துணிவுக்காக அப்படத்தை யான் போற்றுகின்றேன்.

தஞ்சைத் தமிழுக்குக் கிடைத்த இவ்விடம் நம் தமிழுக்குக் கிடைத்ததா? மூன்றாவது படத்தை ஆராயுமுன் சற்றே பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். இலங்கையிலேயே தமிழ்ப்படங்கள் ஆக்கப்பட்ட காலமொன்று இருந்தது. 1962இல் ‘சமுதாயம்’ வெளிவந்தது. 1972இல் ‘குத்துவிளக்கு’, 1977இல் தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ என அவ்வரிசை நீண்டது. 1983 யூலை வன்செயலிலே, எங்கள் மட்டக்குளிக்கு எதிரே களனி கங்கையின் மறுகரையிலுள்ள ஹெந்தளையில் கே. குணரத்தினம் அவர்கள் நடத்திய விஜயா படப்பிடிப்புக்கூடம் எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள் பலவும் அத்தீயிலே அழிந்தன. தமிழருடைய கூடத்திற்கு வைத்த தீ சிங்களக் கலையையும் சேர்த்தே தின்றது.

அவ்வரிசையிலே 1976இல் வந்த ‘கோமாளிகள்’ என்னும் படத்தை இங்கே தனித்துக் குறிப்பிடல் தகும். வானொலித் தொடராகப் புகழ்பெற்ற நாடகத்திலிருந்து எழுந்தது அது. மரிக்காராக இராமதாசும், அப்புக்குட்டியாக இராஜகோபாலும், உபாலியாகச் செல்வசேகரனும், ஐயராக அப்துல் ஹமீதும் நடித்தனர். முஸ்லிம்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணர் தமிழ் ஆகிய நான்கும் ஒருங்கே ஒலித்தன. ஒவ்வொருவர் பேச்சும் சிரிப்பூட்டியது. எல்லார் பேச்சும் சிரிப்புக்குரியதாகவே, ஒருவர் பேச்சும் இழிவுக்குரியதாகவில்லை. பிறரைச் சிரித்தவன் அடுத்த கணத்திலே தன்னையும் சிரிக்க நேர்ந்தது. பந்தியிலே சமமாக இருந்து உண்பது போன்றது அந்நகை.

கால் நூற்றாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுப் பெரும்படமொன்றின் தலைவன் யாழ்ப்பாணத் தமிழ் பேசினான். கே. எஸ். இரவிகுமார் இயக்கிய ‘தெனாலி’ அது. கமல்ஹாசன் அவர்கள் மேற்கூறிய அப்துல் ஹமீத் அவர்களின் உதவியைப் பெற்று அத்தமிழைப் பயின்றார். அவர் உழைப்பு பெரிது, செவிக்கு இனிது. ஆயினும் தெனாலி எதைக் கண்டாலும் நடுங்குபவன். அவன் வாய்திறந்தாலே கொட்டகை சிரித்தது. பெருங்கவலையோடு பேசுவோன் பேச்சும், அயலான் பேசும் தமிழும் எனச் செயிற்றியப் பட்டியலின் இரண்டு இடங்கள் ஒருவனிடத்திலே வந்து கூடின. அவன் அச்சத்திற்குப் போர் காரணம் என்று படம் சொல்லாமலில்லை. ஆனால் சிரிப்பின் ஓசையிலே அது அமிழ்ந்துபோயிற்று. ‘கோமாளிகள்’ படத்தில் நால்வர் தமிழுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்ட நகையை இங்கே ஒரு தமிழ் மட்டும் தனியே நின்று தாங்கியது. நாமும் சிரித்தோம். நம் தமிழ் பெரிய திரையில் ஒலிக்கின்றதே என்ற மகிழ்ச்சியிலே சிரித்தோம். அதனையும் மறைத்தல் ஆகாது.

ஈராண்டு கழித்து, 2002இல், மணிரத்தினம் இயக்கிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தது. அமுதா என்னும் வளர்ப்பு மகள் தன்னைப் பெற்றவளைத் தேடிப் போர்நடக்கும் இலங்கைக்கு வருகின்றாள். இங்கே நம் தமிழ் அழுகைச் சுவைக்கு உரியதாயிற்று. இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகைக்குக் கூறப்படும் நான்கு நிலைக்களனும் அப்படத்திலே காணப்படும். எனினும் கதை நம்மிடத்துக்கு வந்து, நம்மைக் கண்டு, கண்ணீர்விட்டுத் திரும்பிச் செல்லும் விருந்தினரின் கதை. ஆக, ஓரிடத்து நகைக்கும் ஓரிடத்து அழுகைக்கும் நம் பேச்சுப் பயன்பட்டது. அடுத்தவீட்டிலே குடியிருந்து, அரிசி விலையைப் பற்றியும் பிள்ளையின் படிப்பைப் பற்றியும் கதைக்கும் சாதாரண மனிதனின் பேச்சாக அது பயன்பட இன்னும் காலம் வேண்டியிருந்தது.

அக்காலம் 2025 மே முதலாந்திகதி வந்தது என்பேன். அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ பேராரவாரத்துடன் வெளியாயிற்று. அதேநாளில் முன்பின் அறியப்படாத இளைஞர் அபிஷன் ஜீவிந்த் தம் முதற்படமாகிய ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை வெளியிட்டார். பொருளாதார நெருக்கடியால் வாழவழியின்றித் தர்மதாஸ், மனைவி வசந்தி, மைந்தர் இருவர் ஆகிய நால்வரும் இரவிலே படகேறி இராமேசுவரம் சேர்கின்றனர். வசந்தியின் தமையன் துணையுடன் சென்னையிலே ஒரு குடியிருப்பில் வீடு பெறுகின்றனர். அவன் அவர்களுக்கு விதிக்கும் கட்டளை ஒன்று: அயலாரோடு பேசக்கூடாது, பேசினால் இலங்கைத் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும்.

இக்கதை கற்பனையாயினும் அடிப்படை கற்பனையன்று. 2022 மார்ச்சு 22ஆம் திகதி, மன்னார் யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து பதினாறு பேர் இரு பிரிவாகக் கடல்கடந்து தனுஷ்கோடிப் பக்கம் கரைசேர்ந்தனர். அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். அம்மாதம் எத்தகையது என்பதை இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அச்சடிக்கத் தாளின்றி மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது. மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரத்தை எட்டியது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நின்ற வரிசையிலே யானும் நின்றேன். எனக்கு மாதச்சம்பளம் இருந்தது. வரிசையில் என் முன்னே நின்ற கூலித்தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஆதலின் தர்மதாசின் படகு எனக்கு அயலாருடைய படகாகத் தோன்றவில்லை.

ஆனால் அப்படகினும் என்னை உலுக்கியது அந்தத் தமையனுடைய கட்டளையே. பேசாதே, பேச்சுக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற சொற்களை யான் முன்னரே கேட்டிருக்கின்றேன். மத்திய வங்கியிற் குண்டுவெடித்த 1996ஆம் ஆண்டு எனக்கு வயது பன்னிரண்டு. பஸ்ஸிலே அம்மாவோடு செல்லும்போது, இடையிலுள்ள சோதனைச் சாவடி நெருங்குமுன் அம்மா என் காதிலே குனிந்து சொல்வார்: “தம்பி, அம்மா எண்டு மட்டும் கூப்பிடு. மிச்சம் வீட்டை போய்க் கதைப்பம்.” அவர் ஏன் அந்த ஒரு சொல்லை மட்டும் விலக்களித்தார் என்பது பல்லாண்டு கழித்தே எனக்கு விளங்கிற்று. ‘அம்மா’ என்பது சிங்களத்துக்கும் பொதுவான சொல். அதனால் ஆளைக் காட்டிக்கொடாது. இரு மொழிக்கும் உரிய அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு நாங்கள் கொழும்பு வீதிகளைக் கடந்தோம்.

கொழும்பிலே நாங்கள் மறைத்தது தமிழை. திரையிலே அக்குடும்பம் மறைப்பதோ தமிழருக்கு நடுவே தங்கள் தமிழை. தமிழ்மொழியே வழங்கும் மாநகரிலே ‘ஓம்’ என்று ஒரு சொல் தவறி வாயில் வந்தால் நாடுகடத்தப்படலாம் என்ற நிலையைக் கண்டபோது கொட்டகையிலே பலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறிது நேரஞ்சென்றபின் எனக்கும் வந்தது. அதுவே அவ்வியக்குநரின் ஆற்றல் என்க. அவர் எழுப்பும் நகை அவர்களுடைய பேச்சைப் பற்றியதன்று. பேச்சை மறைக்கப் படும் பாட்டைப் பற்றியது. தெனாலி வாய்திறந்ததனாற் சிரித்தோம். தர்மதாஸ் வாய்மூட முயல்வதனாற் சிரிக்கின்றோம். இருபத்தைந்து ஆண்டுகளில் தமிழ்த்திரை நடந்துவந்த தூரம் இவ்விரண்டு சிரிப்புக்கும் இடையே இருக்கின்றது.

மெல்ல மெல்ல அக்குடும்பத்தினர் அயலாரோடு கலக்கின்றனர். துயருற்றோருக்குத் தோள்கொடுக்கின்றனர். ஒருவரோடொருவர் முகங்கொடாதிருந்த குடியிருப்பார், இவர்கள் வந்தபின் தமக்குள்ளும் பேசத்தொடங்குகின்றனர். இறுதியிலே காவல்துறையினர் தேடிவந்து விசாரிக்கும்போது, குடியிருப்பார் அனைவரும் இலங்கைத் தமிழிலே பேசி, அக்குடும்பம் எதுவென அறியமுடியாதபடி செய்துவிடுகின்றனர். பிழையாகவும் செயற்கையாகவுமே பேசுகின்றனர். ஆனால் அப்பிழைத் தமிழைக் கேட்டுக் கொட்டகையிலே ஒருவரும் எள்ளவில்லை. பிறன் தமிழைப் போலிசெய்து அவனை நகையாடுவது பழைய வழக்கம். பிறனைக் காப்பதற்காக அவன் தமிழைத் தன் வாயில் ஏற்றுக்கொள்வதை யான் திரையிலே முதன்முறையாகக் கண்டேன். என் அருகில் இருந்த வெள்ளவத்தை மூதாட்டி ஒருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

வேறொரு நுட்பமும் உண்டு. 2002இலே ஈழத்துக் குழந்தையை வளர்க்கும் தமிழ்நாட்டுத் தாயாக நடித்தவர் சிம்ரன். 2025இலே ஈழத்துத் தாயாகிய வசந்தியாகத் தமிழ்நாட்டுக்கு வந்து இறங்குபவரும் அவரே. இது தற்செயலாக நேர்ந்ததாயினும் ஆகுக. அன்று நம் பிள்ளைக்கு இரங்கிய முகம் இன்று நம் முகமாக மாறியிருக்கின்றது.

இனி இப்படத்தின் குறைகளையும் கூறாதொழிதல் நடுவுநிலைமை ஆகாது. முதலாவது, பேச்சைக் கருவாகக் கொண்ட படத்திலே பேச்சே இடையிடையே தளர்கின்றது. சசிகுமார் அவர்கள் நாவிலே நம் தமிழ் நாலைந்து வாக்கியம் நின்று, பின் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுகின்றது. தென்னகத்து இரசிகர் இதனை உணரார். கொழும்புச் செவி உணரும். இரண்டாவது, படத்திலே தீயோர் அரியர். குடியிருப்பார் மட்டுமன்றிக் காவலரும் நெஞ்சிரங்குகின்றனர். நன்மையைக் காட்டுவது குற்றமன்று. ஆனால் எளிதிற் கிடைக்கும் நன்மை, கிடையாதோரின் துன்பத்தை மறைத்துவிடக்கூடும்.

உண்மைநிலை அத்துணை எளிதன்று என்பதை அறிதல் வேண்டும். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளை மட்டும் குறிக்கின்றது. இலங்கை அதனுள் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களுக்கு 2021ஆம் ஆண்டில் ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர்மாற்றம் செய்யப்பட்டது. பெயர் மாறியது நன்றே. ஆனால் இப்படம் கொட்டகைகளில் ஓடிக்கொண்டிருந்த அதே மே மாதத்தில், 19ஆம் திகதி, இலங்கைத் தமிழர் ஒருவருடைய மனுவை விசாரித்த இந்திய உச்சநீதிமன்றம், எல்லா நாட்டு அகதிகளையும் ஏற்றுவைத்திருக்க இந்தியா தருமசாலையா என்னும் கருத்துப்படக் கூறி மனுவைத் தள்ளியது. திரையிலே ஒரு குடியிருப்பு முழுவதும் நம் தமிழைப் பேசியது. நீதிமன்றத்திலே நம்மவர் ஒருவருக்கு வழி கிடைக்கவில்லை. ஒரு படத்தால் சட்டம் மாறிவிடாது. எனினும் இவ்விரண்டும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன என்பதைக் கைதட்டுவோர் நினைவிற் கொள்ளல் நன்று.

குறைகள் இவையாயினும், யான் முதலில் எடுத்துக்கொண்ட அளவுகோலின்படி மூன்று படங்களுள் இதற்கே முதலிடம் தருவேன். ‘கூலி’ தலைவன் ஒருவனுக்கே பேச்சை அளித்தது. ‘மெய்யழகன்’ உறவினர் இருவருக்கு அளித்தது. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பேச அஞ்சிய ஒரு குடும்பத்துக்கு அளித்து, அவர் பேச்சை ஊருக்கே பொதுவாக்கிற்று.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் தென்னகத்தாருக்கு மட்டும் பாடஞ்சொன்னவன் ஆவேன். எனக்கும் ஒரு பாடம் உண்டு. எங்கள் பகுதியிலே யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலேயே வாழ்வோர் எனப் பலரும் கலந்து வாழ்கின்றனர். வகுப்பறையில் ஐந்தாறு தமிழ் ஒலிக்கும். சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த மாணவன் ஒருவனை எழுந்து ஒரு நிகழ்ச்சியைத் தன் சொல்லிற் கூறுமாறு பணித்தேன். அவன் தோட்டத்துத் தமிழிலே அழகாகவே தொடங்கினான். முன்வரிசையில் இருவர் சிரித்தனர், வகுப்புச் சிரித்தது, யானும் முறுவலித்தேன். சிரிக்கவேண்டும் என்று யான் எண்ணவில்லை. எனினும் அவன் கண்டது என் முறுவலையே. அன்றிலிருந்து அத்தவணை முடியும்வரை அவன் கேட்ட வினாவுக்கு ஓரிரு சொல்லிலே விடையளித்தான். தானாக எழுந்து பேசவேயில்லை. பின்னர் வேறு பாடசாலைக்குச் சென்றுவிட்டான்.

தொல்காப்பியத்திலே திசைச்சொல்லுக்கு இடமுண்டு என்று அதே வாரத்தில் உயர்வகுப்பிற்குப் பாடம் நடத்தியவனும் யானே. படமாளிகையிலே அத்தமையன் “பேசவேண்டாம்” என்று கைவிரலை உதட்டிலே வைத்தபோது, என் அம்மாவின் முகம் முதலில் தோன்றிற்று. அடுத்து அம்மாணவன் முகம் தோன்றிற்று. அம்மா என்னைக் காப்பதற்காக வாய்மூடச் சொன்னார். அவனை வாய்மூட வைத்தவன் யான்.

மாணாக்கர்களே, படம் பாருங்கள். பார்க்கவேண்டாம் என்று கூற யான் வரவில்லை. பார்த்துவிட்டு வரும்போது அதிலே யார் பேசினர், யார் பேசாதிருந்தனர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மறுநாட் காலையில் வகுப்பிலும் அவ்வாறே எண்ணுங்கள். ஆசிரியராகிய யாமும் அதனைச் செய்வோம். இவ்வாண்டு என் வகுப்பிலே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடவேளையில் ஒரு மாணவன் தன் வீட்டுத் தமிழிலே ஒரு கதை சொல்கின்றான். திருத்துவதற்குச் சிவப்பு மையை அன்று யான் எடுப்பதில்லை.